ஏறும் வண்டிக்கு வழி

போலந்திலிருந்து வந்த பார்சலை
சூரமங்கலம் தபால் ஆபீசில்
பிரித்துக் காட்டச் சொன்னார்கள்.
உள்ளங்கை அகலத்தில் பச்சை அட்டை,
அதன்மேல் இரண்டு பிராசசர்.
என்னம்மா சாமான் இது?
வேகம் என்று சொல்ல வாய் வந்தது.
பழைய கம்ப்யூட்டருக்கு உதிரி பாகம் என்றேன்.
சுங்கத் தீர்வை ஆறாயிரத்து நானூற்றுப் பத்து.
கம்ப்யூட்டரோ
செவ்வாய்ப்பேட்டைக் காயலான் கடையில்
தராசில் ஏறி எண்ணூறுக்கு இறங்கியது.

தொண்ணூற்றிரண்டில் செய்த பெட்டி.
விசைப்பலகைக்கு அடியிலேயே மொத்த மூளையும்.
ஜவ்வரிசியின் வெண்மையை அளப்பது என் வேலை,
அதனால் சொல்கிறேன்:
அந்த பிளாஸ்டிக் மஞ்சளுக்கு எந்த வியாபாரியும் விலை சொல்லமாட்டான்.
கசிந்திருந்த பதினான்கு கெப்பாசிட்டர்களை
ஞாயிறு ஞாயிறாக மாற்றினேன்.
சூடு பட்டதும் மீன் வாடை.
அமாவாசையும் அதுவுமா கருவாடா என்று
சுவருக்கு அந்தப் பக்கம் குரல்.

ஒரு பிராசசர் இந்தப் பெட்டியின் சொந்த வம்சம்,
பிறந்த பாஷை பேசும்.
மற்றது ஐந்து மடங்கு விரைவு,
பாஷை வேறு.
இரண்டுக்கும் நினைவகம் ஒன்று,
போய்வர ஒரே தடம்.
அந்தத் தடத்துக்கும் பஸ் என்றுதான் பெயர்.
ஒன்று போனால் ஒன்று நிற்கும்.
நிற்குமுன்
கையில் உள்ளதையெல்லாம் பொதுவில் கொட்டிவிட்டு நிற்கும்.

மே மாதம், மொட்டைமாடி அறை,
நாற்பத்தொன்று டிகிரி.
ஒரு ரூபாய் அளவு ஃபேன் கொசுவாக அழுதது.
பதினோராம் நிமிடம் திரை உறைந்தது.
அணைத்தேன், ஆறவிட்டேன், மறுபடியும் பதினொன்று.
வெயிலில் ஒன்று உறைவதை
அந்த வாரம் ஒன்பது முறை பார்த்தேன்.

மேலே கொண்டு வா என்றாள் ரோஸ்லின் ஏஞ்சலா.
ஏற்காட்டில், காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவள்.
இங்கே ராத்திரி பதினெட்டு.

அடிவாரம் தாண்டியதும் கண்டக்டர்
இரண்டு விரலால் பையைத் தட்டினார்.
தையல் மிஷினா?
கம்ப்யூட்டர்.
இந்தக் கனமா?
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
மடியில் கனம், வழியில் பயம்:
வளைவுக்கு வளைவு கட்டிக்கொண்டேன்.

ஒன்பதாவது கொண்டை ஊசியில்
சில்வர் ஓக் தடிகளோடு லாரி இறங்கி வந்தது.
இரண்டு ஹார்ன். அப்புறம் சத்தமில்லை.
யாரும் இறங்கிச் சண்டை போடவில்லை.
லாரிதான் முனகிக்கொண்டே பின்வாங்கி
பாறையோடு ஒட்டி நின்றது.
ஏறுகிறவன் நின்றுவிட்டால்
மறுபடி கிளம்புவது கஷ்டம்.

அன்றிரவு நாற்பது நிமிடம் ஓடியும் உறையவில்லை.
ஆனால்
பழையது மட்டும் தனியாக வரைந்தால் நாற்பது விநாடி,
இரண்டும் சேர்ந்தால் ஐம்பத்திரண்டு.
ரோஸ்லின் சிரித்த சிரிப்பில் தவளைகள் நிறுத்தின.
இவ்வளவு செலவு பண்ணி?

தூங்கவில்லை.
புரோகிராமை வரி வரியாகத் தடவினேன்.
கண்டுபிடித்தேன், மூன்று மணிக்கு:
ஒவ்வொரு புள்ளி வைப்பதற்கும்
புதியது நின்று, கொட்டி, பழையதை அழைத்து,
புள்ளி வைத்ததும் மறுபடி புறப்பட்டது.
ஆயிரமாயிரம் வளைவு, ஒவ்வொன்றிலும் ஹார்ன்.
மாற்றி எழுதினேன்.
முழுப் படத்தையும் நீயே போட்டு முடி,
கடைசியில் ஒரே தடவை கைமாற்று.

ஏழு விநாடி.

ஒரு கோடு மடிந்து, மடிந்ததும் மடிந்து,
திரை முழுக்க வளைவுக்குள் வளைவு.
நம்ம ரோடு என்றாள், கம்பளிக்குள்ளிருந்து.
நீயும் உன் வீட்டுக்காரரும் இப்படித்தான் என்று
ஏதோ தொடங்கினாள்.
உவமை வேண்டாம், தூங்கு என்றேன்.

காலையில் பெட்டியை அவள் மேசையிலேயே விட்டேன்.
குளிர்காலம் வந்ததும் எடுத்துக்கொள்கிறேன்.
எங்கே வந்ததும் என்றாள்,
சேலத்திலா?